ஐம்பது நாள் கோடு

பெண்டில்ஹில், சிட்னி
05.03.2023

அன்புள்ள மச்சான் சிறிக்கு,

நானும் விமலாவும் நலம். என் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனி வழியில் போகிறது. நீரும் தங்கச்சி ரஞ்சினியும் மருமகள் பிரவீணாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வருடப் பிறப்பு விடுமுறையில் உங்கள் ஸ்பிரிங்வேல் வீட்டுக் குசினி மேசையில் நான் கீறிக் காட்டியதை மறந்திருப்பீர். குற்றமில்லை. ரஞ்சினியின் நண்டுக் குழம்புக்கு முன்னால் எவனுக்குச் சராசரி நினைவிருக்கும்? திரும்ப எழுதுகிறேன். ஒரு கம்பெனிப் பங்கின் கடைசி ஐம்பது நாள் முடிவு விலைகளைக் கூட்டி ஐம்பதால் வகுத்துப் பாரும். ஒரு புள்ளி வரும். அடுத்த நாள், மிகப் பழைய நாளை விட்டுவிட்டுப் புதிய நாளைச் சேர்த்து மறுபடியும் வகுத்துப் பாரும். புள்ளிகளை இணைத்தால் ஐம்பது நாள் கோடு. விலை கோட்டுக்கு மேலே நிற்கும்வரை பங்கை வைத்திரும். கோட்டை வெட்டிக் கீழே இறங்கினால் அடுத்த நாள் காலையில் விற்றுவிடும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. நான் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது விமலாவுக்கும் இந்தக் கோட்டுக்கும்தான்.

கணினி ஒரு நொடியில் போட்டுத் தரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முப்பது வருடம் ரயில்வே வரைபட அலுவலகத்தில் இருந்தவன் சொல்கிறேன், கையால் போட்டால்தான் மனம் பதறாது. மில்லிமீற்றர் தாளில் போட்டு எனக்குத் தபாலில் அனுப்பும். போனில் என் காதுக்கு ஒன்றும் கேட்பதில்லை. வட்ஸ்அப் விமலாவின் போனில்தான் இருக்கிறது. அதில் எழுதினால் அரை மணித்தியாலத்தில் ரஞ்சினிக்குப் போய்விடும். நீங்கள் படகில் வந்து முகாமில் இருந்தபோது தொடங்கிய கடிதப் பழக்கம் நமக்கு இருக்கிறதுதானே, அதுவே போதும்.

விரபில்லா லித்தியம் பங்கு நான் வாங்கியிருக்கிறேன். நீர் வாங்குவதானால் விளையாட்டுக் காசில் வாங்கும். பிரவீணாவின் படிப்புக் காசில் கை வைக்க வேண்டாம். போன மாதம் அறிவித்த நிரந்தர விசாவில் உங்களுக்கு இடமில்லை என்று ரஞ்சினி அழுதாள். அப்படியானால் பிள்ளை தாதியர் படிப்புக்கு வெளிநாட்டு மாணவிக்குரிய கட்டணம்தான் கட்ட வேண்டும். முதல் வருடத்துக்கே முப்பத்தெட்டாயிரம் டொலர். நீர் டண்டினோங் பெட்டித் தொழிற்சாலையில் எட்டு வருடம் நின்று சேர்த்த காசு அது.

தாளை எதிர்பார்த்திருக்கும்,
அருந்தவன்


ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண்
26.03.2023

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு ரஞ்சினி எண்ணெய் ஒன்று காய்ச்சியிருக்கிறாள். தபாலில் அனுப்பினால் ஒழுகும் என்று நான் மறித்து வைத்திருக்கிறேன்.

விரபில்லா வாங்கிவிட்டேன். இரண்டு டொலர் பத்துச் சதம். கொஞ்சம்தான். எவ்வளவு என்று கேட்காதீர்கள், சிரிப்பீர்கள்.

மில்லிமீற்றர் தாள் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு வியட்நாமியக் கிழவர் கடையின் பின்பக்கம் போய்த் தூசி தட்டி எடுத்துத் தந்தார். மாலை வேலை முடிந்து வந்ததும் முதல் வேலை கோடு போடுவதுதான். ரஞ்சினி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“இதென்னப்பா, ஆரின்ரை ஈசிஜி?”

“உன்ரை அண்ணன்ரை யோசினை. பேசாமல் இரு.”

“அப்பா, இதுக்கு ஆப் இருக்கு,” என்றாள் பிரவீணா, புத்தகத்திலிருந்து தலை நிமிராமல். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பல்லவா, தலை நிமிர்வதே அபூர்வம். நானும் அவளும் ஒரே மேசையில் எதிரெதிரே இருக்கிறோம். அவள் உயிரியல் படம் கீறுகிறாள், நான் பங்குப் படம் கீறுகிறேன். எனக்கு இது நல்ல சந்தோசமாக இருக்கிறது, மச்சான்.

முதல் தாள் இத்துடன் வருகிறது. கோணல் இருந்தால் மன்னிக்கவும்.

அன்புடன்,
சிறி


ஸ்பிரிங்வேல்
02.07.2023

அன்புள்ள மச்சானுக்கு,

குளிர் கொல்லுகிறது. ஆனாலும் எல்லோரும் சுகம். விமலா அக்காவின் இருமல் விட்டதா?

தாளைப் பார்த்தீர்களா? கோட்டுக்கு ஐந்து விரல்கடை மேலே நிற்கிறது விலை. மூன்று டொலரைத் தாண்டிவிட்டது. ரஞ்சினி இப்போது பகிடி விடுவதில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதலே கேட்கிறாள், “இண்டைக்கு ஈசிஜி நல்லாயிருக்கோ?” தொழிற்சாலையில் என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கௌரிசங்கர், “அண்ணை, முகத்திலை ஒரு களை,” என்கிறான். எட்டு வருடமாகக் கைகட்டி நின்றவன் முதல் தரமாக ஒன்றை நடத்துகிறேன் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

பிரவீணா பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறாள். இப்படியே போனால் அவளுக்கு ஒரு வருடத்துக்கு என்ன, ஒன்றரை வருடத்துக்கே கட்டிவிடலாம் போல இருக்கிறது. உதவித்தொகைக்கும் எழுதப் போகிறாள். கிடைத்தால் அது மேலதிகம்.

நீங்கள் எண்ணெயைத் தேய்த்தீர்களா என்று ரஞ்சினி கேட்கிறாள்.

மகிழ்ச்சியுடன்,
சிறி


பெண்டில்ஹில்
16.07.2023

அன்புள்ள மச்சான்,

விமலாவின் இருமல் விட்டது. எண்ணெய் பாதி ஒழுகித்தான் வந்தது, மீதியைத் தேய்க்கிறேன். வாசத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனை ஓடிவிட்டது என்று தங்கச்சிக்குச் சொல்லும்.

தாள் கண்டேன். கை நன்றாகப் படிந்துவிட்டது. என் அலுவலகத்தில் இருந்திருந்தால் உம்மை விட்டிருக்க மாட்டேன்.

உமது கடிதத்தின் கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். நான் விளங்கிக்கொண்டது பிழையாக இருக்கட்டும். அதைப் பற்றி மேலே கேட்க விருப்பமில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஏறும்போது எல்லோருக்கும் கோட்டில் பக்தி இருக்கும். இறங்கும்போதுதான் சோதனை. ஐம்பது நாள் என்றால் ஐம்பது நாள்தான். நானும் இதே பங்கை வைத்திருக்கிறேன், இதே கோட்டைத்தான் பார்க்கிறேன். வெட்டினால் நான் விற்பேன், விற்ற அன்றே உமக்கு எழுதுவேன். நீர் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

பிரவீணாவுக்கு மாமாவின் ஆசிகள்.

அன்புடன்,
அருந்தவன்


பெண்டில்ஹில்
10.08.2023

அன்புள்ள சிறிக்கு,

உமது தகப்பனார் நாலாம் திகதி ஊரில் காலமான செய்தி ரஞ்சினி மூலம் அறிந்தோம். நானும் விமலாவும் உங்கள் துயரில் பங்குகொள்கிறோம்.

போனால் திரும்பி வர முடியாத விசாவில் நீர் இருப்பதால் போக முடியவில்லை. தம்பி கொள்ளி வைப்பதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தீர் என்று ரஞ்சினி சொன்னாள். அதற்கு ஆறுதலாக எழுத எனக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை. இதை அனுபவிக்காதவன் எழுதுவது சரியுமில்லை.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். எண்பத்தொன்பதாம் ஆண்டு நான் நாட்டை விட்டுப் புறப்பட்ட காலை, அவர் யாழ்ப்பாண பஸ்ஸில் நடத்துநர். நீர் அப்போது சின்னப் பிள்ளை, எங்கள் குடும்பங்கள் சம்பந்தமும் ஆகவில்லை. பாஸ்போட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்த நான் அதை எடுக்கத் திரும்ப ஓடினேன். பஸ்ஸில் எல்லோரும் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர் மிதிபலகையில் காலை வைத்துக்கொண்டு, “பொடியன் வருவான், பொறுங்கோ,” என்று பதினைந்து நிமிடம் பஸ்ஸை மறித்து வைத்திருந்தார். அன்று அந்த பஸ் போயிருந்தால் நான் இன்று சிட்னியில் இல்லை. ஏறியபோது என்னைத் திட்டவும் இல்லை. ரிக்கற்றைக் கிழித்துத் தந்துவிட்டு, “மூச்சு விடு தம்பி,” என்றார்.

அவரது ஆத்மா சாந்தியடையட்டும். வேறு விஷயங்கள் பிறகு.

துயருடன்,
அருந்தவன், விமலா


ஸ்பிரிங்வேல்
10.09.2023

அன்புள்ள மச்சானுக்கு,

அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் போன ஞாயிறு முடிந்தது. தம்பி ஊரில் அந்தியேட்டி செய்தான். நான் இங்கே கோவிலில் ஒரு மோட்ச அர்ச்சனை செய்துவிட்டு, வீட்டில் நாலு பேருக்குச் சாப்பாடு போட்டேன். உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி.

துடக்கு, தீட்டு என்று இருந்த நாட்களில் நான் கோடு போடவில்லை. தாள்களை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்து பங்குக் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை வேலையால் வந்துதான் விட்ட நாட்களையெல்லாம் சேர்த்துப் போட்டேன். இறங்கித்தான் இருக்கிறது, இரண்டு டொலர் ஐந்துச் சதம். ஆனால் தாளைப் பாருங்கள், கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது.

வெட்டியிருந்தால் எழுதுவேன் என்று சொல்லியிருந்தீர்கள். எழுதவில்லை. அதனால் எனக்குத் தைரியம். நீங்கள் வைத்திருக்கிறீர்கள்தானே?

பிரவீணாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. தாத்தாவை நேரில் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை. ஆனாலும் அவர் படத்துக்குப் பூ வைப்பது அவள்தான்.

அன்புடன்,
சிறி


பெண்டில்ஹில்
01.10.2023

அன்புள்ள மச்சான்,

எல்லோரும் நலமா? நாங்கள் நலம். முழங்காலுக்குச் சத்திர சிகிச்சைதான் வழி என்று டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். கார்த்திகையில் நாள் தந்திருக்கிறார்கள். அறுபத்தைந்து வயதில் புது மூட்டு. விமலா என்னைப் புதுமாப்பிள்ளை என்கிறாள்.

தாள் கிடைத்தது. கோடு அழகாக, நேராக இருக்கிறது.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. தோட்டத்தில் கத்தரி வைத்திருக்கிறோம். காதுக்கு ஒரு புதுக் கருவி மாட்டியிருக்கிறார்கள், அதில் விமலாவின் குரலைத் தவிர எல்லாம் கேட்கிறது.

எதையும் நன்றாக யோசித்துச் செய்யும். பிரவீணாவைப் பதற்றப்படாமல் எழுதச் சொல்லும்.

அன்புடன்,
அருந்தவன்


ஸ்பிரிங்வேல்
19.11.2023

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் சத்திர சிகிச்சை சுகமாக முடிந்தது என்று விமலா அக்கா சொன்னா. கடவுள் புண்ணியம். மாடிப்படி ஏறாதீர்கள்.

பிரவீணாவின் பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாளாம். கிளேட்டனில் நேர்சிங் படிக்க இடம் கிடைக்கும் என்று ரீச்சரே சொல்லியிருக்கிறா. உதவித்தொகை மட்டும் இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. இடம் கிடைத்தால் தை (ஜனவரி) மாதம் பத்தொன்பதாம் திகதிக்குள் முதல் வருடக் காசு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

மச்சான், மறைத்துப் பலனில்லை. மார்ச்சில் நான் வாங்கியது கொஞ்சமில்லை. பிரவீணாவின் காசு முழுவதும் விரபில்லாவில் இருக்கிறது. ரஞ்சினிக்குத் தெரியாது. விளையாட்டுக்கு வாங்கினேன் என்றுதான் அவளும் நினைக்கிறாள்.

இன்று விலை ஒரு டொலர் பத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். புரட்டாதியில் நான் அனுப்பிய தாளில் இருந்தது ஐம்பது நாள் கோடு இல்லை. இருநூறு நாள் கோடு. அதையும் வெட்டிவிட்டது. இப்போது நூறு வாரத்துக்குப் போட்டுப் பார்க்கிறேன். அதற்கு மேலே இரண்டு சதத்தில் நிற்கிறது.

போன தரம் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இந்தத் தரம் ஒரு சொல் போதும். நீங்கள் வைத்திருக்கிறீர்களா, இல்லையா? நீங்கள் வைத்திருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சிறி


பெண்டில்ஹில்
14.01.2024

அன்புள்ள சிறிக்கு,

சுகம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

நான் விற்றுவிட்டேன். ஆவணி (ஓகஸ்ட்) பத்தாம் திகதி வியாழக்கிழமை காலை, இரண்டு டொலர் எழுபத்தெட்டுச் சதத்துக்கு. முதல் நாள் விலை ஐம்பது நாள் கோட்டை வெட்டி முடிந்திருந்தது. விற்று முடித்துவிட்டு, அதே மேசையில் இருந்து உமக்குக் கடிதம் எழுதினேன். உமது தகப்பனாரின் துக்கக் கடிதம்.

அந்தக் கடிதத்தின் கீழே, ‘வெட்டிவிட்டது, விற்றுவிடும்’ என்று எழுதப் பேனாவை வைத்தேன். எங்கள் வீடுகளில் துக்கக் கடிதத்தில் வேறு கதை எழுதுவதில்லை. செத்தவீட்டுக்குப் போய்க் காசுக் கதை கதைப்பவன் என்று என்னை நீர் நினைப்பீரோ என்று யோசித்தேன். ‘வேறு விஷயங்கள் பிறகு’ என்று முடித்துவிட்டேன். முப்பத்தொன்று முடியட்டும் என்று இருந்தேன். நீரும் கோட்டைப் பார்க்கிறவர்தானே, விற்றிருப்பீர் என்றும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புரட்டாதியில் உமது தாள் வந்தது. மேசையில் விரித்த உடனேயே தெரிந்தது. ஆவணியில் அவ்வளவு விழுந்த பங்குக்கு ஐம்பது நாள் கோடு வளைந்திருக்க வேண்டும். உமது கோடு நேராகப் போனது. முப்பது வருடம் கோடு பார்த்த கண்ணுக்கு இது தெரியாமல் போகுமா? நாளைக் கூட்டக் கூட்டக் கோடு கீழே போகும், விலை மேலே நிற்கிற மாதிரித் தெரியும். விற்காமல் இருக்க விரும்புகிறவனுக்கு ஏதாவது ஒரு கோடு எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும். அதை அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதினால், ‘நீங்கள் எப்போது விற்றீர்கள்?’ என்று கேட்பீர். அதற்குப் பயந்து, கோடு அழகாக இருக்கிறது என்று எழுதினேன்.

இன்னொரு பயமும் இருந்தது. முன்பு ஒரு தரம் நீர் கார் வாங்கியபோது, காசு ஏது என்று கேட்டுவிட்டேன். பதினான்கு மாதம் நீர் எனக்கு எழுதவில்லை. தங்கச்சியின் புருஷனிடம் காசு விபரம் கேட்கக் கூடாது என்று அன்று படித்தேன். பிழையான பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறேன்.

கார்த்திகையில் உமது கடிதம் வந்தபோது நான் கட்டிலில். முழங்காலைச் சாட்டிக்கொண்டு எட்டு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினேன், கிழித்தேன். இப்போது விலை அறுபது சதம்.

இத்துடன் முப்பத்தெட்டாயிரத்துக்குச் செக் இருக்கிறது. பிரவீணாவின் பெயருக்குத்தான் எழுதியிருக்கிறேன். தாய்மாமன் மருமகளுக்குக் கொடுப்பதை மறிக்க வேண்டாம். பத்தொன்பதுக்கு முன் கிடைக்க வேண்டும் என்று எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன்.

என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

அருந்தவன்


ஸ்பிரிங்வேல்
02.03.2024

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

நான் நலம். நீங்கள் நலமா? மாமாவின் கால் எப்படி? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கடிதம் எழுதுவது என்று ஒரு பாடம் இருந்தது. இது என் வாழ்க்கைக்கு உதவாது என்று அப்போது சொன்னேன். பிழை இருந்தால் திருத்தாமல் வாசியுங்கள்.

நேற்று வாடகை வீட்டுக் கடுதாசி ஒன்று தேடி அப்பாவின் அலுமாரியைத் திறந்தேன். கிராப் தாள்களுக்கு நடுவில் உங்கள் கடிதமும் செக்கும் இருந்தன. உறையில் தை பதினேழு என்று தபால் முத்திரை. வந்து கிடைத்தது அன்றோ அடுத்த நாளோதான். பத்தொன்பதுக்கு முதல் வந்திருக்கிறது, மாமா.

எனக்கு இடம் கிடைத்தது. பத்தொன்பதாம் திகதி அப்பா என்னைக் கூப்பிட்டு, காசு இல்லை என்று சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை, அழுதார். அப்பா அழுததை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை, அதனால் நான் மேலே கேட்கவில்லை. இப்போது நோபிள் பார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், பின்னேரம் அதற்கான கோர்ஸ். எனக்கு வேலை பிடிக்கும். ஒரு கிரேக்கப் பாட்டி என்னைத் தன் மகள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஏசுகிறா.

செக்கைக் கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

“இது என்னப்பா?”

“அது உன்ரை காசு. வைச்சிரு,” என்றுவிட்டு எழும்பிப் பின் வளவுக்குப் போய்விட்டார்.

அம்மா கடிதத்தை வாசித்தா. அப்பாவோடு கதைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும், “சோறு ஆறுது எண்டு சொல்லு,” என்று என்னிடம் சொன்னா.

எனக்கு யார் மேலாவது கோபமா என்று தெரியவில்லை. கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கலாம். அடுத்த வருடம் நாங்கள் இங்கே இருப்போமா என்று யாருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினை. செக்கை என்ன செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன் மருமகள்,
பிரவீணா


ஸ்பிரிங்வேல்
24.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ரஞ்சினி சுகம். பிரவீணா சுகம். நான் வேலைக்குப் போய் வருகிறேன். நீங்கள் தடி இல்லாமல் நடக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோசம்.

பங்கை மாசியில் விற்றேன். பதினோராயிரத்துக்குச் சற்றுக் குறைய வந்தது. அதைப் பிரவீணாவின் பெயரில் போட்டிருக்கிறேன். உங்கள் செக்கையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கப் போகிறாளாம். அவளுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளது அது, நான் நடுவில் வரமாட்டேன். ஒரு தரம் வந்தது போதும்.

உங்கள் கடிதம் தை பதினெட்டு வேலைக்குப் போக முன்னம் கிடைத்தது. கட்டுவதற்கு முழுதாக இரண்டு நாள் இருந்தது. நீங்கள் விற்றுவிட்டீர்கள் என்ற வரிக்கு மேலே எனக்கு வாசிக்க முடியவில்லை. செக்கைப் பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் போக முடியவில்லை. உங்கள் காசில் படிக்க வைப்பதை விடப் படிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன், மச்சான். என் பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்தேன். அந்தக் கணம் இரண்டு நாளாகிவிட்டது. நீங்கள் ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை, நான் இரண்டு நாள் திறக்கவில்லை. பிள்ளையின் இடம் போனது என்னுடைய இரண்டு நாளில்தான்.

நீங்கள் எழுதியிருந்தாலும் நான் விற்றிருக்க மாட்டேன் என்று ரஞ்சினி உங்களுக்கு ஆறுதல் சொன்னாளாம். அது உண்மை இல்லை. துடக்கில் நான் பங்கைப் பார்க்கவில்லை என்று எழுதியதும் உண்மை இல்லை. ஆவணி பத்தாம் திகதி காலை இடைவேளையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலைக் கன்ரீனில் இருந்தேன். வெட்டிவிட்டது என்று தெரியும். விற்கும் பொத்தானில் விரல் இருந்தது. மச்சான் அன்றே எழுதுவார், அவரும் விற்றால் விற்போம் என்று போனை வைத்துவிட்டேன். பதினாலாம் திகதி உங்கள் கடிதம் வந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே உடைத்தேன். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினேன். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு சொல் இருந்திருந்தால் நான் விற்றிருப்பேன்.

இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் மூன்று வாரம் யோசித்தேன். சொல்லாமல் விட்டது நமக்குள் போதும்.

உங்கள் தை மாதக் கடிதத்தை வாசித்த பிரவீணா கேட்டாள், “மாமா தாத்தாவைப் பற்றி எழுதின கடிதம் எங்கை?” அலுமாரியில் தேடி எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கடிதத்தை நான் வாசிக்கவே இல்லை என்று. அப்பா செத்துப் பத்து நாளில் வந்த கடிதம். நான் அதில் பங்கைத்தான் தேடியிருக்கிறேன்.

அவர் உங்களுக்காக பஸ்ஸை மறித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. ‘மூச்சு விடு தம்பி’ என்ற இடத்தில் எனக்கு அவருடைய குரலே கேட்டது. மேலே வாசிக்க முடியவில்லை. பிரவீணாதான் வாங்கி, எழுத்துக் கூட்டி மிச்சத்தை வாசித்தாள்.

இனிமேல் தாள் அனுப்ப மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதுங்கள். அப்பாவைப் பற்றி வேறு ஏதாவது உங்களுக்கு ஞாபகம் இருந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள். இந்தத் தரம் ஒரு வரியும் விடாமல் வாசிப்பேன்.

சிறி